கடலுக்குள்ள நீட்டுன கை

"நம்ம லைட்டு அணஞ்சுபோச்சு"ன்னு குரூப்புல மெசேஜ் வந்தப்ப மேலூர் பஸ் ஸ்டாண்டுல நின்னேன். லைட் ஹவுஸ் பைத்தியங்க சேந்து நடத்துற குரூப்பு அது. "எந்த ஊரு லைட்டு? கடலுக்குப் போனவகளுக்குச் சொல்லியாச்சா?"ன்னு டைப் பண்ணேன். "கூமுட்ட, முருகேசண்ணே போயிட்டாருடா. நெஞ்சுவலி"ன்னு பதில் வந்துச்சு.

உங்கள்ல பல பேருக்கு அவரு வீடியோதான் தெரியும். பேரையூர்க்காரரு. தூத்துக்குடிப் பக்கம் லோடு வண்டி ஓட்டிப் போனவரு, அங்க கரையில நிக்கிற ஒரு லைட் ஹவுஸப் பாத்துக் கிறுக்காயிட்டாரு. வெள்ளக்காரன் காலத்துக் கட்டடம், இன்னமும் கப்பலுக்கு வழி காட்டுது. அத ஒண்ணையே அம்புட்டு வீடியோ போட்டாரு. நான் ஒண்ணு விடாமப் பாத்துட்டு, நேர்ல போய் அவருகூட ஒட்டிக்கிட்டேன்.

ஒருநா எவனோ கமெண்ட்ல, "லைட்டு கடல்ல வாரவனுக்குத்தானண்ணே, எம்புட்டு நாளைக்குக் கரையிலயே நின்னு எடுப்பீக?"ன்னு கேட்டுட்டான். அண்ணே கண்மாயில கூட முழங்காலுக்கு மேல எறங்க மாட்டாரு. ஆனாலும், "போயிருவோம் மாப்ள"ன்னாரு.

மீன்பிடிப் படகு ஒண்ணுல சாயங்காலம் போனோம். இருட்டுறப்ப மழை பிடிச்சுச்சு, கரை மறஞ்சுபோச்சு. லைட்டு ஒருதடவ வந்துட்டுப் போச்சு. "அய்யோ, கரண்ட் போயிருச்சு"ன்னேன். அது சுத்துற லைட்டுன்னு மனப்பாடமாத் தெரிஞ்ச பய நான்.

"மதுரைக்காரகளா நீங்க"ன்னு படகுக்காரரு சிரிச்சாரு. அந்நேரம் எஞ்சின் நின்னுபோச்சு. அவரு சிரிப்பும் நின்னுபோச்சு. படகு தானாத் திரும்ப ஆரம்பிச்சுச்சு. "நான் குனிஞ்சு எஞ்சினப் பாக்கணும். லைட்டு எங்கிட்டு வருதோ அங்கிட்டே ஒருத்தர் கைய நீட்டிக்கிட்டே இருங்க"ன்னாரு.

அண்ணே நீட்டுனாரு. லைட்டு வரும், போகும். போனப்புறம் வார இருட்டுலதான் உசுரு போகும். நேரமாக ஆகக் கை எறங்குச்சு. நான் முழங்கையத் தாங்கிக்கிட்டேன்.

"மாப்ள, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

"எனக்குந்தாண்ணே."

"அப்ப நல்லதுடா. ரெண்டு பேருமே கண்ண மூட மாட்டோம்."

ஒருவழியா எஞ்சின் பிடிச்சுச்சு. படகுக்காரரு நிமிந்து அண்ணே கையப் பாத்துத்தான் படகத் திருப்புனாரு.

ஒரு செகண்டு கூட வீடியோ எடுக்கல. "பயந்துட்டேன், அதான்"னு சேனல்ல அவரே சொன்னாரு. கமெண்ட்ல "பேரையூர் கேப்டன்"னு ஓட்டுனாய்ங்க. ஒவ்வொருத்தனுக்கும் ஹார்ட் போட்டாரு.

நேத்து அவரு வீட்டுக்குப் போனேன். மதினி செவத்தப் பாத்து உக்காந்திருந்தாக. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. வாரவுக எல்லாரும், "தைரியமா இரும்மா"ன்னு சொல்லிட்டுப் போனாக. நான் பக்கத்துல உக்காந்தேன்.

"இனிமே இந்த வீட்டுல இருக்கவே பயமா இருக்கு தம்பி"ன்னாக, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி.

"எனக்கும் பயமா இருக்கு மதினி"ன்னேன்.

அப்பத்தான் அவுக அழுதாக.

அண்ணேகிட்டருந்து நான் வச்சுக்கிட்டது இந்த ஒண்ணுதான். பயத்த வாய்விட்டுச் சொல்லிட்டு, பக்கத்துலயே இருக்குறது.