கப்பலேறிப் போனவரின் பேரன்கள்

டிக்கெட் விற்கிற தொழிலுக்கு வந்தவனிடம் ஜனங்கள் எதை வேண்டுமானாலும் கேட்பார்கள். என்னிடம் தாத்தாவைக் கேட்டார்கள்.

அறுபதுகளில் பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு பிரயாண ஏஜென்சியில் நான் குமாஸ்தா. ஜாகை மாதுங்காவில். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கப்பல் வந்தால் பல்லார்ட் பியர் துறையில் இறங்கியவர்களில் நாலு பேராவது எங்கள் கவுண்டருக்கு வந்துவிடுவார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பேரன் பேத்திகள். ஆபீசில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான், ஆகவே அத்தனையும் என் தலையில். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளிய சகபாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

மெட்ராஸ்காரர்

எந்த ஊர் என்று கேட்டால் எல்லோரும் மெட்ராஸ் என்பார்கள். கப்பல் அங்கிருந்து கிளம்பியது, அவ்வளவுதான் விஷயம். ஏறின துறைமுகத்தையே பிறந்த ஊர் என்று மூன்று தலைமுறையாக நம்பியிருந்தார்கள். ஆரம்பத்தில் நானும் விவரம் புரியாமல் மெட்ராஸ் மெயிலில் இடம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப் போன ஒரு துணிக்கடைக்காரர், தெருத்தெருவாக அலைந்து கால் வீங்கித் திரும்பி வந்தார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “அந்த ஊர்ல எங்க தாத்தாவை ஒருத்தருக்கும் தெரியலையே, சார்.”

மாமனாரின் கேள்வி

பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி தனியாக வந்திருந்தாள். கோயிலில் கற்றுக்கொண்ட தமிழ், திருத்தமாகப் பேசினாள். பாவம், ஓட்டல் சாப்பாடு பிடிக்கவில்லையே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிங்ஸ் சர்க்கிள் ஸ்டாப்பில் பஸ்ஸிலிருந்து இறக்கி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். என் மாமனார் அன்று பார்த்து ஊரிலிருந்து வந்திருந்தார். அவள் காபியை வாயில் வைக்குமுன், “நீங்க என்ன மனுஷா?” என்று கேட்டுவிட்டார்.

அவளுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. என் மனைவி உள்ளேயிருந்து கண்ணால் ஜாடை காட்டுகிறாள், மனுஷர் நிறுத்தவில்லை. ஜாதியைத்தான் கேட்டேன் என்று விளக்கம் வேறு. எனக்கு மானம் போயிற்று. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வகுப்பில் பாடம் சொல்கிற குரலில் பதில் சொன்னாள்: “கப்பலில் எல்லோரும் ஒரே சட்டியில் சாப்பிட்டார்களாம், ஐயா. அதற்குப் பிறகு எங்களை யாரும் கேட்டதில்லை, நீங்கள்தான் கேட்கிறீர்கள்.”

உப்பில்லாத சோறு

இப்படி இரண்டு முறை அடிபட்ட பிறகு எனக்கு ஒரு வழி தெரிந்தது. ஊரைக் கேட்பதை நிறுத்திவிட்டு, வீட்டில் என்ன சாமி கும்பிடுவீர்கள், எப்படிக் கும்பிடுவீர்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். ஊரை மறந்தவர்கள்கூடக் குலதெய்வத்துக்குப் பயந்து அதன் முறையை விடாமல் வைத்திருந்தார்கள். அந்த முறையைத் தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் கூடுகிற டீக்கடையில் போய்ச் சொன்னால், பாதி வேளை யாராவது ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்.

டர்பனிலிருந்து பலவேசம் வந்தது அந்தச் சமயத்தில்தான். அங்கே சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். அறுபதை நெருங்கும் வயது, பெரிய கைகள். தாத்தாவின் பெயரையே மூத்த பேரனான இவருக்கு வைத்திருந்தார்கள். அவர் வீட்டுச் சாமிக்கு வெள்ளைச் சோற்றில் உப்புப் போடாமல் படைத்து, மிஞ்சியதை வீட்டுக்குள் கொண்டுவராமல் மண்ணில் புதைப்பார்களாம். அவர் வந்த காரியம் வேறு மாதிரி. தாத்தா ஊரில் ஒரு மனைவியையும் பையனையும் விட்டுவிட்டுக் கப்பலேறியவர். அங்கே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு, அங்கேயே செத்தும் போனார். இங்கே இருப்பவர்களுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. அதைச் சொல்லச் சொல்லி அப்பா சாகும்போது கையைப் பிடித்துக் கேட்டாராம்.

“சொன்னா அவங்க என்னைத் தொரத்திடுவாங்க, தெரியும். தொரத்தட்டும். சாவுச் சேதி சொல்லாம இருக்கக் கூடாது, இல்லையா?”

சேலை மட்டும்

டீக்கடையில் உப்பில்லாத சோறு என்று நான் ஆரம்பித்ததுமே கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். அவருக்குத் தெரிந்து அந்த முறை ஒரே குடும்பத்துக்குத்தான். அந்தக் குடும்பத்து ஆள் ஒருவர் தாராவியிலேயே வெல்டிங் பட்டறையில் இருக்கிறார். அவர் தாத்தாவும் கப்பலில் போனவர்தான். அந்த வெல்டர் பெயர் என்ன என்று கேட்டேன். பலவேசம் என்றார். இங்கேயும் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான்.

மறுநாள் பிற்பகல் டர்பன் பலவேசத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். வெல்டர் பலவேசத்துக்கு ஐம்பது வயது இருக்கும். ஒற்றை அறை, டிரங்குப் பெட்டிமேல் எங்களை உட்காரவைத்தார்கள். டர்பன்காரர் கொண்டுபோன மிட்டாய்ப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு, தெரிந்த தமிழில் ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தார். தாத்தா கரும்புத் தோட்டத்தில் செத்தது, தான் இரண்டாவது மனைவி வழிப் பேரன் என்பது, எல்லாம். வெல்டர் தன் மனைவி இசக்கியம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அவள்தான் பேசினாள்.

“எங்க பெரியாச்சி, அதான் இவுக தாத்தா ஊர்ல விட்டுட்டுப் போன சம்சாரம், கடைசி வரைக்கும் தாலியக் கழட்டல. அவருக்குக் காரியம் செய்யவும் விடல. வருசா வருசம் அவுகளுக்குச் சேல மட்டும்தான் வச்சுக் கும்பிடுதோம், அவருக்கு வேட்டி வைக்கல. செத்தாரா இருக்காரான்னு தெரியாத மனுசனுக்கு எப்படி வைக்க?”

டிரம் தண்ணீர்

டர்பன்காரர் எழுந்துவிட்டார். மிட்டாய்ப் பெட்டியை டிரங்குமேல் வைத்துவிட்டு, போகலாம் என்று எனக்குக் கை காட்டினார். கண்ணெல்லாம் தண்ணீர். அவரை ஏன் இங்கே கூட்டி வந்தோம் என்று எனக்கே ஆகிவிட்டது. அப்போது வெல்டரும் எழுந்து சட்டையைக் கழற்றினார். அடிதான் விழப்போகிறது என்று நான் நடுவில் போய் நின்றேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மனைவியிடம், “தண்ணி டிரம்ம வெளிய இழுத்துட்டு வாட்டி” என்றார்.

தாராவியில் அப்போது குழாயில் காலையில்தான் தண்ணீர். அந்த டிரம்மில் இருந்ததுதான் மறுநாள் விடிகிறவரை அந்த வீட்டுக்குச் சமையலுக்கும் குடிக்கவும். வாசல் சாக்கடையோரத்தில் டர்பன்காரரை உடுத்த துணியோடு நிற்கவைத்து, வெல்டர் அவர் தலையில் ஊற்றினார். பிறகு தன் தலையில். பிறகு வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும். பங்காளி செத்த சேதி எத்தனை வருஷம் கழித்துக் காதில் விழுந்தாலும் விழுந்த அன்றைக்குத் தலைமுழுக வேண்டும். பங்காளி அல்லாதவனுக்கு அது கிடையாது. டர்பன்காரருக்கு இந்த முறை தெரியாது. ஆனால் இரண்டாவது சொம்பிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சத்தம் போட்டு அழ ஆரம்பித்தார். வெல்டரும் அழுதார். தண்ணீர் குறைவதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள், யார் எவர் என்று கேட்காமல், ஆளுக்கொரு குடம் கொண்டுவந்து டிரம்மில் கொட்டினார்கள்.

நானும் நெகிழ்ந்துபோய், ஆபீஸ் சட்டையோடு தலையை நீட்டிக்கொண்டு கிட்டே போனேன். வெல்டர் சொம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டார்: “சார், நீங்க தள்ளி நில்லுங்க. தீட்டு எங்க குடும்பத்துக்குத்தான்.” பிறகு டர்பன்காரரைப் பார்த்து: “நீங்க குனிங்க, அண்ணாச்சி.”

இத்தனை பேருக்குத் தாத்தாவைத் தேடிக்கொடுத்த எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்த பெரிய மரியாதை, அன்று வெளியாளாக, நனையாத சட்டையோடு மாதுங்காவுக்கு பஸ் ஏறினதுதான்.