கடைசி இரண்டு இலக்கம்

அந்த மின்னஞ்சல் ஒரு புதன்கிழமை வந்தது. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் சரக்குப் பிரிவில் எனக்கு வேலை. சாப்பிட்டுவிட்டு மேசைக்குத் திரும்பியவள் கைப்பேசியைப் பார்த்தேன். உங்கள் விண்ணப்பம் தொடர்பாகப் பாதுகாப்பான செய்தி ஒன்று காத்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் உள்நுழைந்து படிக்கவும் என்று மலாயில் இருந்தது. என்ன செய்தி என்று இல்லை. பாதுகாப்பு கருதி அதை மின்னஞ்சலில் சொல்ல மாட்டார்களாம்.

விண்ணப்பம் என் கணவருடையது, அதில் கொடுத்த மின்னஞ்சல் முகவரி மட்டும் என்னுடையது. கோல சிலாங்கூர் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இன்றும் அதே தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அவர் பிறந்தபோது உரிய காலத்தில் யாரும் பதியவில்லை. ஐம்பதை நெருங்கியும் அவர் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டைதான். இங்கே தங்கலாம், உழைக்கலாம், ஆனால் மலேசியக் குடிமகன் இல்லை. ஏற்கெனவே ஒருமுறை குடியுரிமை கேட்டு, காரணம் சொல்லாமல் மறுத்துவிட்டார்கள். இது இரண்டாவது விண்ணப்பம்.

மேசையிலேயே உள்நுழையப் பார்த்தேன். கடவுச்சொல் தவறு என்றது. மறந்துவிட்டதா என்று கேட்டது, ஆமாம் என்று அழுத்தினேன். நீங்கள் படித்த முதல் பள்ளி எது என்று அடுத்த கேள்வி. அவர் படித்ததே ஒரு பள்ளிதான், தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி. அதன் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினேன். தவறு. முன்னால், தோட்டத்துக்கு மலாயில் சொல்லும் 'லாடாங்' சேர்த்து எழுதினேன். தவறு. எழுத்தை மாற்றி, இடைவெளி விட்டு எழுதினேன். கணக்கு சிறிது நேரத்துக்குப் பூட்டப்பட்டது என்று சிவப்பில் வந்து நின்றது. பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். நான் மேசையைக் கையால் தட்டியிருக்கிறேன் போலும்.

மாலையில் வீட்டுக்கு வந்து, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து மறுபடி திறந்தேன். இந்த முறை வேறு வழி காட்டியது. பதிவு செய்த கைப்பேசிக்கு ஓர் எண் அனுப்புவார்கள், அதை உள்ளிட்டால் போதும். எந்தக் கைப்பேசி என்று தெரிவதற்காக அதன் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் திரையில் தெரிந்தது. அது அவர் எண் இல்லை. என் எண்ணும் இல்லை.

"இது யாரு நம்பரு?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். "டவுன்ல இந்த விண்ணப்பத்த போட்டுக் குடுத்தானே, அந்தப் போட்டோஸ்டேட் கடைக்காரன் நம்பரா இருக்கும். அன்னிக்கு என் போன்ல லைனே வரல. அவன்தான், அண்ணே, என் நம்பர போட்டு முடிச்சிடுறேன்னான். பள்ளிக்கூடம் பேருகூட அவன்தான் என்னமோ அடிச்சான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"இது இவ்ளோ பெரிய விசயம்னு எனக்கு எப்படி தெரியும்லா?"

மறுநாள் காலையில், குடியுரிமையைக் கவனிக்கும் பதிவு இலாகாவின் தொலைபேசிக்கு அழைத்தேன். இசை ஓடியது, நின்றது, மறுபடி முதலிலிருந்து ஓடியது. கடைசியில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். செய்தியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாதாம். எண்ணை மாற்ற வேண்டுமானால் அதே இணையத்தளத்துக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். உள்ளே போக முடியாததால்தானே மாற்றக் கேட்கிறேன் என்றேன். அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் அதே பதிலை இன்னும் மெதுவாகச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்ன ஆகும்?"

"அது அந்தச் செய்தியில் இருக்கும், புவான்."

மேலாளரிடம் அவசர விடுப்பு கேட்டேன். அவர் முகம் சுளித்துக்கொண்டே கொடுத்தார். என் கணவரும் லோரியை வேறொருவரிடம் விட்டுவிட்டு வந்தார். கோல சிலாங்கூர் டவுனில் அந்தக் கடை மூடிக் கிடந்தது. பெயர்ப்பலகையில் இருந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. அதேதான். அழைத்தேன், மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பக்கத்துத் தையல் கடை அம்மாதான் சொன்னார். கடைக்காரர் கடையை விட்டுவிட்டு சுங்கை பஞ்சாங்கில் அப்பாவின் வயலைப் பார்க்கப் போய்விட்டாராம்.

தஞ்சோங் காராங் தாண்டியதும் சாலை வாய்க்காலை ஒட்டி நேராக ஓடும். காரை ஓட்டிக்கொண்டே அவர் கேட்டார்.

"திரும்பிடலாமா?"

"ஏன்?"

"போன தடவ மாதிரி முடியாதுன்னுதான் போட்டிருப்பான். அத படிக்கறதுக்கா இவ்ளோ தூரம்? இத்தன வருசம் இப்படியே ஓடிடுச்சி. இன்னும் கொஞ்ச வருசம் ஓடட்டும்."

"முடியாதுன்னா முடியாதுன்னு படிச்சிட்டு வருவோம். படிக்காம எப்படி இருக்கறது? நீங்க தூங்கிடுவீங்க. நான் தூங்க மாட்டேன்."

அவர் காரைத் திருப்பவில்லை.

சுங்கை பஞ்சாங்கில் சாலையோரக் காப்பிக் கடையில் விசாரித்தோம். வயலுக்கு வழி காட்டினார்கள். அறுவடை நடந்துகொண்டிருந்தது. கடைக்காரர் சேற்றுக் காலோடு வரப்பில் நின்றிருந்தார். என் கணவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டு சிரித்தார். விசயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"அந்த எண் இன்னும் இருக்கு, காக். பழைய போனில் கிடக்கு. வீட்டுக்குப் போய் எடுத்து வருகிறேன்" என்று, என்னை அக்கா என்றழைத்து மலாயில் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் பறந்தார்.

திரும்பி வந்தபோது அந்தப் போனில் பேட்டரி சிவப்பில் இருந்தது. லைன் வாய்க்கால் கரையில் ஒரே இடத்தில்தான் கிடைத்தது. அவர் அங்கே போய் நின்றார். என் போனுக்கோ காருக்குப் பக்கத்தில் மட்டும்தான் இணையம் வந்தது. நடுவில் நல்ல தூரம். எண்ணைக் கேட்டு அழுத்தினேன். அவருக்கு வந்து சேர்ந்தது. அவர் கத்திச் சொன்னார். அறுவடை இயந்திரத்தின் இரைச்சலில் பாதிதான் என் காதில் விழுந்தது. கேட்டதை அடித்தேன். தவறு. மறுபடி அனுப்பச் சொன்னேன். அது வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இன்னும் ஒரே வாய்ப்பு, அதன் பிறகு கணக்கு முடக்கப்படும் என்று திரை சொன்னது. நான் அழுத்தவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். என் கணவர் பக்கத்தில் இல்லை. வயலுக்குள் இறங்கி, செருப்பு சேற்றில் சிக்க, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு அந்த இயந்திரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். ஓட்டுநரிடம் என்ன சொன்னாரோ. இயந்திரம் நின்றது. திடீரென்று எல்லாம் அமைதி.

"இப்ப அமுக்கு," என்றார் அங்கிருந்தே.

அமுக்கினேன். கரையிலிருந்து ஒவ்வொரு இலக்கமாக மலாயில் வந்தது. ஒவ்வொன்றையும் நான் திருப்பிச் சொன்னேன், கடைக்காரர், சரி என்று பொருள்படும் 'பெத்துல்' சொல்லி உறுதி செய்தார். கடைசி இலக்கத்தையும் அடித்தேன். ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு உள்ளே விட்டது.

செய்தியில் மறுப்பு இல்லை. நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள். வருவதாக வெள்ளிக்கிழமைக்குள் உறுதி செய்யாவிட்டால், விண்ணப்பத்தை நாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்களாம். உடனே உறுதி செய்யும் பொத்தானை அழுத்தினேன். அடுத்த வேலையாகக் கைப்பேசி எண்ணை என் கணவருடையதாக மாற்றினேன். கடைக்காரர் பக்கத்தில் நின்று, மன்னிச்சிருங்க காக் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை என்பதே உண்மை.

நேர்முகத்துக்குப் போன நாளில் நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இந்த வயதில் குடியுரிமை எதற்கு என்று அதிகாரி கேட்டாராம். இவர், "ஓட்டுப் போடணும் துவான். தேர்தல் வந்தா தோட்டத்துல எல்லாரையும் வேன்ல ஏத்திக்கிட்டு போயி வாசல்ல விடுறேன். நான் மட்டும் வெளிய நிக்கிறேன்" என்றாராம். அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று இவர் பார்க்கவில்லை.

அதன் பிறகு பல மாதம் ஒன்றும் இல்லை. நான் தினமும் மின்னஞ்சலைப் பார்ப்பேன். அவர் கேட்கமாட்டார், என் முகத்தை மட்டும் பார்ப்பார். ஒரு நாள் வேலை நேரத்தில் அவரே அழைத்தார். பாதுகாப்பான செய்தி வந்திருப்பதாகத் தன் போனுக்குக் குறுஞ்செய்தி வந்ததாகவும், எண்ணும் அதற்கே வந்ததாகவும், தானே உள்ளே போய்விட்டதாகவும் சொன்னார்.

"படிங்க," என்றேன்.

அவர் மலாயில் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். பின்னால் லோரி எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. இல்லை என்று சொல்லும் 'தீடாக்' எந்த வரியில் வரப்போகிறது என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்திவிட்டார்.

"அவ்ளோதானா? இன்னொரு தடவ படிங்க."

மறுபடி படித்தார். 'லுலுஸ்' என்று ஒரு சொல் இருந்தது, ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று. தீடாக் எங்கும் இல்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. திரையைப் படம் பிடித்து உடனே அனுப்பச் சொன்னேன். அது வந்து சேரும்வரை எழுந்து நின்றுகொண்டே இருந்தேன்.