தாடிக்காரரைப் பற்றிய கட்டுரை

கல்லூரிக்குப் போகும் என் மகளின் பாடப்புத்தகம் சாப்பாட்டு மேஜையில் திறந்து கிடந்தது. தாடியும் மூக்குக்கண்ணாடியுமாக அதே முகம். சமூகவியலுக்கு அடித்தளம் போட்ட பிரெஞ்சுக்காரர்.

நான் சிறுமியாக இருந்தபோது, அமெரிக்காவில் எங்கள் பார்சிப்பனி அபார்ட்மெண்டில் ஒரு குளிர்காலம் முழுக்க அப்பா இவரைப் பற்றி எழுதினார். கோவையில் சமூகவியல் விரிவுரையாளராக இருந்தவர், கம்ப்யூட்டர் படித்துவிட்டு இங்கே வந்திருந்தார். மதகுரு ஆக வேண்டிய பிள்ளை பேராசிரியர் ஆன கதையைச் சிரித்துக்கொண்டே வாசித்துக் காட்டினார். போரில் மகனைப் பறிகொடுத்து, அந்தத் துயரத்திலேயே அவர் இறந்துபோன பக்கத்தை அப்பா இரண்டு முறை வாசித்தார்.

தமிழில் டைப் செய்யும் வசதி அப்பாவின் முதலாளியிடம்தான் இருந்தது. எனக்கு அவர் அங்கிள். தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்காக அப்பா கட்டுரையை அவரிடம் கொடுத்தார். மலர் வந்தது. கட்டுரையின் மேல் அங்கிளின் பெயர்.

விழாவில் எல்லோரும் அவருக்குக் கை கொடுத்தார்கள். எனக்குப் பத்து வயது. "இது எங்கப்பா எழுதினது!" என்று கத்தினேன்.

அப்பா என் தோளை அழுத்தினார். "சின்னப் பொண்ணு, தெரியாம சொல்றா. சார் எழுதினதுதான்."

காரில் அம்மா சொன்னாள். "அவர்தாண்டி நமக்கு கிரீன் கார்டு அப்ளை பண்ணணும்."

அங்கிளை எப்போதோ மறந்துவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கியது அவர் இல்லையே.

"மாம், டு யூ நோ திஸ் கை?" என்றாள் மகள்.

"உன் தாத்தா இவரைப் பத்தி எழுதியிருக்கார்."

"ரியலி?" அவள் உடனே தாத்தாவை அழைக்க போனை எடுத்தாள்.

"கேட்டுப் பாரு," என்றேன். "இல்லைன்னுதான் சொல்லுவார்."