கங்கம்மா தங்க ஊர் பார்க்க வந்த கதை

தங்கம் விளைகிற ஊர் என்று ஆசை காட்டித்தான் கங்கம்மாவைக் குடியாத்தத்திலிருந்து கூட்டிவந்தான் அவள் புருஷன் தசரதன். கோலார் சுரங்கத்துக்கு ரயில் வந்த புதிது. வந்து இறங்கினால் தகரக் கொட்டகையும் புழுதியும். தங்கமாவது வெங்காயமாவது! அவளுக்கு அது பெரிதில்லை. தாய் போனபின் அவள் இடுப்பிலேயே வளர்ந்த தம்பி கன்னியப்பனும் அதே சுரங்கத்தில் இருந்தான். அவனைப் பார்த்ததே போதும்.

ஊரைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். லீவு கேட்டால் பேரை அடித்துவிடுவார்கள். கூலிக்காரர் குடியிருந்த லைனில் எல்லோரும் செய்கிறதைத்தான் தசரதனும் செய்தான். சுரங்கத்தில் இறங்குகிறவன் நம்பர் போட்ட பித்தளை வில்லையைக் காட்ட வேண்டும். வில்லைதான் ஆள், கூலிக்காரன் முகத்தை எந்தத் துரை பார்த்தான்?

"குடு மாமா, ஒன்னோட ஷிப்டுக்கு நான் எறங்கிக்கிறேன். அக்காவுக்கு ஊரக் காட்டு," என்று கன்னியப்பன் வில்லையை வாங்கிக்கொண்டான்.

சுரங்கக் குழிக்கு மேலே வானத்தில் சுழலும் ஷாப்ட் சக்கரம், கல்லை இடிக்கிற மில், ரோஜா பூத்த துரை பங்களா எல்லாம் பார்த்தாள். "இந்த மில்லு சத்தத்துல எப்படிய்யா தூங்குறீங்க?" என்று சிரித்துக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. ஓடினார்கள். பாறை சரிந்து ஒருவன் போய்விட்டான் என்றார்கள். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சாக்கு மூடி ஏற்றி வந்த உடம்பின் வில்லையைப் பார்த்துக் கிளார்க் கூப்பிட்டான்:

"தசரதன். வூட்டுக்காரங்க யாரு?"

வில்லை மாற்றியது தெரிந்தால் வேலை போகும், வீடு போகும், ஜெயிலும் உண்டு. தசரதன் அவள் முதுகுக்குப் பின்னால் பதுங்கினான்.

"ஒன் புருசன்னு சொல்லுடி. இல்லன்னா தெருவுலதான் நிக்கணும்."

பாவி, அந்த நேரத்தில் அவனுக்கு வந்த புத்தியைப் பாருங்கள்! கங்கம்மா போய்ச் சாக்கை விலக்கினாள். தம்பியின் முகம். சாக்கைத் திரும்ப இழுத்து மூடிவிட்டு, "எம் புருசன்," என்றாள்.

மறுநாளிலிருந்து தசரதன் தம்பியின் வில்லையோடு கன்னியப்பனாக இறங்கினான். லைனுக்கே தெரியும், ஆனால் எல்லோர் மடியிலும் அதே கனம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. கங்கம்மா தாலியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ஒவ்வொரு ஷிப்டுக்கும் மேஸ்திரி வாசலில் நின்று, "கன்னியப்பா!" என்பான். புருஷன், "தோ வந்துட்டேன்," என்பான். அடுப்படியில் அவள் காதைப் பொத்திக்கொள்வாள். தம்பிக்காக அழவும் வழியில்லை. அழுதால் கதை வெளியே வந்துவிடும்.

சில வருஷத்தில் கல்தூசி தசரதனின் நெஞ்சை அடைத்தது. இருமி இருமியே செத்தான். கிளார்க் வந்து விசாரித்தான்.

"கன்னியப்பன் செத்துட்டானாமே. நீ இன்னா வேணும் அவனுக்கு?"

"அக்கா," என்றாள் கங்கம்மா.

பிறகு தலையை விரித்துப் போட்டு, மாரில் அடித்துக்கொண்டு, லைனே நடுங்க ஓலமிட்டாள். "என் தம்பீ, என் ராசா, ஒன்ன மண்ணுக்குக் குடுத்துட்டேனே" என்று பாடை தெருவைத் தாண்டும் வரை அழுதாள். பாடையில் கிடந்தவனுக்கென்று ஒரு சொட்டும் விழவில்லை.