பத்து மணிக்கே படுத்துவிடும் வெயில்

வெயிலை விற்றுப் பிழைப்பது சுலபம் என்கிறவர்கள், சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் ஏசி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு கடல் தாண்டிய ஒரு தீவின் வெயிலை விற்றுப் பார்க்கட்டும். கண்ணால் காணாத சைட்டுக்காகப் பதில் சொல்லியே தொண்டை வறண்டவர்களே, இது உங்களுக்குத்தான்.

ஏலக்காய் வாசனையில் ஒரு கெடு

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவத் தீவு. டீசல் ஜெனரேட்டர் சாயங்காலம் கொஞ்ச நேரம் ஓடும், அவ்வளவுதான். நாங்கள் சோலார் தகடுகள் போட்டுவிட்டோம். ஐஸ் மெஷினும் தீவில் போய் இறங்கிவிட்டது. ஆனால் அதை ராப்பகலாக ஓட்ட பேட்டரி வேண்டும். அதற்கு முதல் போட வேண்டியவர் சிராங்கூன் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் ரஹீம் பாய்.

ஏலக்காயை மோந்து பார்த்தபடியே என் பேச்சையெல்லாம் கேட்டார். பிறகு சொன்னார்: "வெள்ளிக்கிழமை உங்க ஆபீஸுக்கு வர்றேன்மா. ஸ்கிரீன்ல கரண்ட் ஒழுங்கா ஓடுச்சுன்னா பேட்டரி. இல்லன்னா என்னை விட்டுடுங்க லா."

காவலுக்கு ஆள் இருக்கு

திங்கட்கிழமையே ஆபீஸ் ஸ்கிரீனில் தீவின் கரண்ட் கோட்டைப் பார்த்தேன். காலையில் ஜம்மென்று ஏறுகிற கோடு பத்து மணிக்கு மேல் பாதியாகப் படுத்துவிடுகிறது. வெயில் ஏற ஏற கரண்ட் இறங்குமா? எந்த ஊர் நியாயம்? இன்வெர்ட்டரைத் திட்டினேன், வயரைத் திட்டினேன். கடைசியில் தீவின் மீனவர் சங்கச் செயலாளர் செல்வம் அண்ணையைப் போனில் பிடித்துக் கத்தியே விட்டேன். பேட்டரி வராவிட்டால் அந்த ஐஸ் மெஷின் துருப்பிடித்துப் போகுமே!

மனுஷர் பதறவே இல்லை. "சோலார் பனலிலை ஒரு பிழையும் இல்லைத் தங்கச்சி. காகம் ஒண்டையும் கிட்ட விடுறேல்லை. நாள் முழுக்க ஆள் போட்டுக் காவல் காக்கிறம்."

அந்தப் பொறுப்பைக் கேட்டு உருகிப்போனேன், மக்கு.

வெள்ளிக்கிழமை

ரஹீம் பாய் வந்தார், உட்கார்ந்தார். பத்து மணிக்குக் கோடு படுத்தது. "என்னம்மா இது?" என்றார். வேறு வழியில்லாமல் அவர் முன்னாலேயே செல்வம் அண்ணையை வீடியோவில் கூப்பிட்டு, தகடுகளைக் காட்டச் சொன்னேன்.

காட்டினார். ஆறு வரிசைத் தகடுகளில் மூன்று வரிசை முழுக்க அப்போதுதான் பரப்பிய நெத்திலி! ஒரு அம்மா குச்சியோடு காகம் விரட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயோ அண்ணே, என்ன அநியாயம் இது?"

"மண் ஒட்டாது, நாய் ஏறாது, நல்ல சூடு. வேற என்ன செய்ய? ஐஸ் இருந்தா பச்சை மீனா வித்திருப்பமே. நாங்கள் ஏன், பிள்ளை, கருவாடு போடுறம்?"

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ரஹீம் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஸ்கிரீனில் நெத்திலியைக் குனிந்து பார்த்தார்.

"பேட்டரிய அனுப்புங்கம்மா, பணம் நான் தர்றேன். அதுவரைக்கும் காய்ற கருவாட்ட என் கடைக்கு அனுப்பச் சொல்லுங்க லா."

எங்கள் பராமரிப்புக் கையேட்டில் தூசி, இலை, பறவை எச்சம் என்ற வரிசையில் இப்போது நெத்திலிக்கும் ஓர் இடம் உண்டு.