தாமரைக்கோழிக்கு நட்ட கம்பு

இலஞ்சிப் பக்கம் ஒரு குளத்துக்கு நான் நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பது, அடைப்பது, வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது, இதுதான் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் கூடியிருந்தால் எனக்குப் பேச்சு வராது. மண்வெட்டியோடு வரப்பில் தனியாக நடக்கிற வேலை கிடைத்தது என் நல்ல காலம்.

சாரல் தொடங்கிக் குளம் பெருகினால் தாமரை இலைகள் விரியும். இலை விரிந்தால் தாமரைக்கோழி வரும். நீண்டு வளைந்த கறுப்பு வால், கழுத்தின் பின்பக்கம் மஞ்சள் தடவியது போல ஒரு மினுக்கம், விரல்கள் அந்த உடம்புக்குப் பொருந்தாத நீளம். இலைமேல் நடக்கும்போது இலை லேசாக அமுங்கும், முழுகாது. முன்பெல்லாம் சுற்றியிருந்த குளங்கள் எல்லாவற்றிலும் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு குளத்தை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. இன்னொன்றில் மீனுக்காக இலையை வழித்து எடுத்தார்கள், அதன்பின் தாமரை வரவில்லை. கடைசியில் எங்கள் குளத்தில் மட்டும் இரண்டு ஜோடி மிஞ்சியது.

அந்த வருஷம் அதில் ஒரு ஜோடி, மடைக்கு வடக்கே ஓர் இலையின்மேல் நாலு தண்டைக் கூட்டிப்போட்டு நாலு முட்டை இட்டிருந்தது. செம்பைத் துலக்கி வைத்தது போல முட்டைகள். இட்டது பெட்டை, அடைகாத்தது சேவல். பெட்டை வேறு பக்கம் போய்விட்டது. இந்தப் பறவையின் வழக்கமே அப்படித்தான்.

என் மனைவி சீசனில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் சமையல் செய்வாள். வாரம் ஒருநாள்தான் வீட்டுக்கு வருவாள். கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அவ போயிட்டா, இவன் உக்காந்து காக்கான். நான் லாட்ஜில கெடக்கேன், நீங்க இங்கன புள்ளைக்குச் சடை பின்னுதிய. இவன் உங்களுக்குச் சொந்தக்காரந்தான்."

சிரித்துக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தச் சேவலை வேறு பறவையாகப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரமே சேதி வந்தது. மீன் குத்தகை எடுத்த அண்ணாச்சி குளத்தில் மீன்குஞ்சு விடப்போகிறார், அதற்கு முன்னால் இலையை அரிக்கப்போகிறார். அரிப்பது என்றால், கல் கட்டிய தடித்த கயிற்றை இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுப்பது. தண்டு அறுந்து இலையெல்லாம் கரை ஒதுங்கும். கூடும் அதோடு போகும்.

அவரிடம் போய்ச் சொன்னால் தீர்ந்தது. டீக்கடையில் அவர் எதிரேதான் இருந்தார். சுற்றி அவர் ஆட்களும் இருந்தார்கள். கோழி முட்டைக்காகக் கயிற்றை நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வது? டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தேன். கூட்டுக்குப் பக்கத்தில் மூங்கில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன். மடைக்கண் தண்ணீருக்குள் இருக்கும் இடத்தில் நாங்கள் அப்படித்தான் கட்டுவோம். கிட்ட வராதே என்று அர்த்தம். பேசாமலே சொல்லிவிட்டதாக எனக்குத் திருப்தி.

மறுநாள் காலை மடைக்குப் போனபோது கயிறு தண்ணீரில் கிடந்தது. ஆட்கள் நேராக என் கம்பைப் பார்த்து இழுத்து வந்தார்கள். மீன்காரர்கள் வழக்கத்தில் கம்பு நட்டால் இங்கிருந்து தொடங்கு என்று அர்த்தமாம். அண்ணாச்சிதான் இரவே அடையாளம் வைக்கச் சொல்லியிருப்பார் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

சேவல் கூட்டைவிட்டு எழும்பிக் கத்திக்கொண்டு சுற்றியது. நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். நெஞ்சளவு தண்ணீரில் கம்பைப் பிடித்தபடி, கயிற்றுக்கு எதிரே நின்றேன்.

கரையிலிருந்து அண்ணாச்சி கேட்டார். "ஏலே, கயிறு வருது தெரியலியா? வெலகு."

"இங்கன முட்ட கெடக்கு அண்ணாச்சி."

"என்ன முட்ட?"

"தாமரைக்கோழி. இத விட்டா நம்ம பக்கம் வேற கொளத்துல கெடையாது."

கயிறு நின்றது. அவர் கரையோரமாக வந்து முட்டைகளை எட்டிப் பார்த்தார்.

"கம்ப நட்டு எங்கள வரச்சொன்னது ஆருல?"

"நாந்தான்."

ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நேத்து டீக்கடையில என் மூஞ்சிக்கு நேரா இருந்தியே. வாயில என்ன வச்சிருந்த?" என்றார். பிறகு, அந்த மூலையை விட்டுவிட்டு மற்ற இடத்தை அரிக்கச் சொன்னார். இந்தக் கோழி மீன்குஞ்சைத் தின்னுமா என்று கேட்டார். பூச்சி, நத்தைதான் பொறுக்கும் என்றேன்.

அது முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் விடிந்து பார்த்தால் இலை வெறுமையாக இருந்தது. பாம்போ காக்கையோ தின்றுவிட்டதோ என்று கரையைச் சுற்றி வந்தேன். ஐம்பது அறுபது அடி தள்ளி, வேறோர் இலையில் சேவல் உட்கார்ந்திருந்தது. கயிற்றுக்குப் பயந்து, முட்டைகளை அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கி ஒவ்வொன்றாகக் கொண்டுபோயிருக்கிறது. போனது சரி. அண்ணாச்சி விட்ட மூலையைத் தாண்டி, அன்றைக்கு அரிக்க வேண்டிய இடத்துக்கல்லவா போய் உட்கார்ந்திருக்கிறது.

இந்தத் தடவை கம்பை எடுக்கவில்லை. அவர் வீட்டு வாசலுக்கே போனேன். அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அது எடம் மாறிட்டு."

வாயைக் கொப்பளித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்கு எங்கன போவும்னு அதுட்டயே கேட்டுட்டு வந்து சொல்லு. கயிற நான் அதுக்குப் பொறவு போடுதேன்" என்றார்.

கேலிதான். ஆனால் அந்த வடபாதியில் அவர் கயிறு போடவில்லை. நாலில் மூன்று பொரித்தது. ஈர்க்குச்சிக் கால்களோடு மூன்றும் இலைமேல் ஓடின. மழை வலுத்தால் சேவல் மூன்றையும் இறகுக்குள் இடுக்கிக்கொண்டு நிற்கும். வெளியே குட்டிக் கால்கள் மட்டும் தொங்கும்.

இந்த வருஷம் மீன்குஞ்சு விடும் முன்னால் அண்ணாச்சியே போன் செய்தார். "முட்ட எங்கன கெடக்குன்னு பாத்துச் சொல்லுலே. ரெண்டு ஜோடின்னா ரெண்டு எடத்தையும் விட்டுருதேன்" என்றார். மூன்று நாள் கரையைச் சுற்றினேன். ஒரு சேவல்தான் உட்கார்ந்திருந்தது. மற்றதை எங்கும் காணவில்லை. இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. இன்னொண்ணு வரும், முன்ன விட்ட வடபாதியையும் விடுங்க" என்றேன்.

அண்ணாச்சி சரி என்றார்.