ஒன்பது நாள் விரதமும் முப்பத்தொரு பாக்கெட் கோப்பியும்

போன வருடம் ஆடி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே முக்கால். மெர்போக் பக்கத்தில் என் மனைவி பிறந்து வளர்ந்த செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசல். நாளையும் நேரத்தையும் இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று அங்கே நின்ற பலர் நடந்ததை இன்றைக்கும் வேறு மாதிரிதான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

நான் சுங்கை பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். இருபத்திரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை பெய்தது, காடிக்கு எஞ்சின் எண்ணெய் மாற்றியது, வீட்டுக்கு யார் வந்தார்கள், யாருக்குக் காய்ச்சல், எல்லாம் அதில் இருக்கும். “நான் தும்முனா கூட மணி போட்டு எழுதிருவாரு” என்று என் மனைவி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். உண்மைதான்.

மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் பால்குடம் எடுப்பதாக அவள் வேண்டியிருந்தாள். இடம் கிடைத்தது. ஒன்பது நாள் விரதம், மாலையில் ஒரு வேளை மட்டும் சைவச் சாப்பாடு. அவளுக்கு மின்னணுத் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே பார்க்கும் வேலை. லீவு கிடைக்கவில்லை.

அப்போதுதான் எங்கள் தாமான் குடியிருப்பில் நேரடி விற்பனை செய்யும் ஓர் அக்கா இரண்டு பெட்டியோடு வந்தார். பெட்டியின் மேல் தங்க எழுத்து, பாயும் புலி, ‘இரட்டிப்புச் சக்தி’ என்று ஒரு வரி.

“தங்கச்சி, நிண்டுகிட்டே வேல, ஒரு வேள சோறு. எப்படிலா தாங்குவ? இத ஒன்னு கலக்கிக் குடி. கட கோப்பி மாரி இல்ல இது, நல்லா காவ்வா, திக்கா இருக்கும். பாலு இல்ல, ஒன்னும் இல்ல, வெறும் கோப்பி-ஓ. விரதத்துக்கு ஒன்னும் ஆவாது.”

எங்கள் பக்கத்தில் விரதம் இருப்பவர்களுக்குக் கோப்பி ஒரு கணக்கே இல்லை. சோறு கூடாது, கறி கூடாது. ஆனால் கோப்பி உணவில் சேராது. காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை என்று பெருமையாகச் சொல்பவர் அதற்குள் நாலு கிளாஸ் கோப்பி குடித்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் நாள் இரண்டு பாக்கெட், மூன்றாம் நாள் மூன்று, ஐந்தாம் நாள் நான்கு. என் நாட்குறிப்பில் தேதிவாரியாக இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே என் கையெழுத்தில் இவையும் இருக்கின்றன: ‘இரவு தூக்கம் இல்லை என்றாள்.’ ‘கிளாஸ் கைதவறி உடைந்தது. கை நடுக்கம்.’ ‘அடிக்கடி பாத்ரூம் போகிறாள்.’ ‘நெஞ்சு படபடப்பு, வியர்வை.’ ஏழாம் நாள் இரண்டாவது பெட்டியைப் பிரித்தோம் என்பதையும் எழுதி வைத்தேன். எழுதியதோடு சரி. இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தோன்றவே இல்லை.

அவளும் அதை வேறு விதமாகத்தான் எடுத்துக்கொண்டாள். “ஒடம்பெல்லாம் சிலுக்குதுங்க. விரதம் நல்லா புடிச்சிருக்கு போல” என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் விடியும்போதே எழுந்தாள். ஐந்து பத்துக்கு ஒரு பாக்கெட், ஆறரைக்கு ஒன்று. புறப்படும்போது முகம் வாடிக் கிடந்தது. நானே அடுப்படிக்குப் போய் ஒரே கிளாஸில் இரண்டு பாக்கெட்டைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். மணி ஏழு ஐம்பது. அந்த வரியும் இருக்கிறது. அதை இப்போது படித்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தோட்டத்து எல்லையிலிருந்து கோயில் வரை வெறுங்காலில், தார்ச்சாலையில், தலையில் பால்குடத்தோடு நடந்தாள். கோயில் வாசலில் குடத்தை இறக்கியதும் உடம்பு உதற ஆரம்பித்தது. கைகள் வெட்டின, பல் கிட்டியது, கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. உருமிக்காரர்கள் அதைப் பார்த்து அடியை வேகமாக்கினார்கள். “ஆத்தா வந்துட்டா!” என்று யாரோ குரல் கொடுக்க, கூட்டம் வட்டம் கட்டிவிட்டது.

நெற்றி நிறையத் திருநீறு, வாயில் எலுமிச்சம்பழம். கோப்பி விற்ற அக்கா முன்வரிசையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “நான் அப்பவே சொன்னேன்ல, தங்கச்சி மொகத்துல ஒரு களை இருக்குன்னு!” என்றார். ஒரு பெண்மணி காலில் விழுந்து, “ஆத்தா, என் மவனுக்குப் பினாங்குல வேல கெடைக்குமா, ஒரு வார்த்த சொல்லு” என்று கேட்டார்.

என் மனைவி பழத்தைத் துப்பிவிட்டு, “தண்ணி” என்றாள்.

“ஆத்தா தண்ணி கேக்குறா! ஊத்துங்க, ஊத்துங்க!”

ஒரு வாளி மஞ்சள் தண்ணீரைத் தலையோடு ஊற்றினார்கள். மறுபடியும், “தண்ணி” என்றாள். இன்னொரு வாளி. பினாங்கு வேலை தண்ணீர் சம்பந்தப்பட்டதாக இருக்குமோ, கப்பலோ என்று பக்கத்தில் இருவர் பேசிக்கொண்டார்கள். அத்தனை பேரில் ஒருவர்கூட ஒரு மடக்குத் தண்ணீரை அவள் வாயில் ஊற்றவில்லை. அடுத்தவரை ஏன் சொல்ல வேண்டும்? நான் எங்கே நின்றேன்? அவளுக்கு மூன்றடி தள்ளி, கையெடுத்துக் கும்பிட்டு, கண்ணை மூடி நின்றேன். என் வீட்டுக்காரிமேல் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று மனதுக்குள் ஒரு பெருமை வேறு.

அப்போதுதான் அது காதில் விழுந்தது.

“ஏங்க.”

கண்ணைத் திறந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏங்க... நெஞ்சு அடிக்கிற அடி தாங்கல. கூட்டிட்டுப் போங்க.”

அம்மன் என்னை எதற்கு ‘ஏங்க’ என்று கூப்பிடப்போகிறாள்? உலகத்தில் ஒருத்திதான் என்னை அப்படிக் கூப்பிடுவாள்.

பாய்ந்து போய் அவள் தோளைப் பிடித்தேன். கோயில் நிர்வாகத்தில் இருந்த ஒருவர் என் கையை மறித்தார். “அண்ணே, விடுங்கண்ணே. ஆத்தா மலையேறட்டும். இப்பத் தொட்டா குடும்பத்துக்கு ஆவாது.”

நான் கூட்டத்தில் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கத்தினேன். “ஆத்தா எதுக்குயா என்னைய ‘ஏங்க’ன்னு கூப்புடுறா? இது என் பொண்டாட்டி! நெஞ்சு வலிக்குதுன்னு சொல்றா, காதுல விழலையா?”

உருமி நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த நிர்வாகத்துக்காரர் ஒரு நொடி அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு மறித்த கையாலேயே அவளுடைய இன்னொரு பக்கத்தைத் தாங்கி, “காடி எங்கண்ணே நிக்குது?” என்றார். அந்த மனிதரை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

காடியில் வாந்தி எடுத்தாள். கறுப்பாக, வெறும் கோப்பி. அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவில் கட்டிலில் படுக்கவைத்துக் கருவியை மாட்டியபோது, நாடித்துடிப்பு நூற்று நாற்பத்தெட்டு. அதுவும் சீராக இல்லை.

ஒரு மலாய்க்கார டாக்டரம்மா வந்தார். என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார் என்று மலாயில் கேட்டார். “ஒன்றும் இல்லை, விரதம்” என்றேன். சொன்ன பிறகு என்னவோ உறுத்தியது. பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து, ஒன்பது நாளையும் ஒவ்வொரு வரியாக மலாயில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்து கடைசியில் கூட்டினார். முப்பத்தொன்று. இன்று காலையில் மட்டும், மூன்று மணி நேரத்துக்குள், நான்கு.

அவர் என்னைத் திட்டவில்லை. பொறுமையாக விளக்கினார். கோப்பி உடம்புக்குத் தெம்பு தராது. களைப்பாக இருக்கிறது என்று உடம்பு மூளைக்குச் சொல்லும் செய்தியைத்தான் அது மறைக்கிறது. குடித்து ஐந்தாறு மணி நேரம் போனாலும் பாதி உள்ளேயே இருக்கும். அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது. தூக்கம் கெடும். தூக்கம் கெட்ட களைப்புக்கு இன்னும் ஒன்று குடிக்கத் தோன்றும். வெறும் வயிற்றில் அது சீக்கிரமே இரத்தத்தில் ஏறிவிடும். இதயம் விரட்டியடிக்கப்பட்டது போல ஓடும், கை நடுங்கும், நெஞ்சில் காரணமில்லாத பயம் வரும். சாப்பாடும் தண்ணீரும் இல்லாத உடம்பில் உப்புச்சத்தும் குறைந்துவிட்டால் இதயத்தின் தாளமே தப்பலாம். இதைச் சொல்லிவிட்டு என் நாட்குறிப்பைத் திருப்பித் தந்தார். “எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள், ஐயா. ஒரு தடவை கூட்டிப் பார்த்திருக்கலாமே” என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் வைத்திருந்து, உப்புச்சத்து ஏற்றி அனுப்பினார்கள். தப்பித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகக் காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மேலே புலியும் தங்க எழுத்தும் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும். அடியில், மடிப்புக்குள், எறும்பு அளவு எழுத்தில் இருந்தது: நாளுக்கு ஒரு பாக்கெட்டுக்கு மேல் வேண்டாம், வெறும் வயிற்றில் வேண்டாம். படிக்கக் கூடாது என்றே அச்சடித்தது போல. மறுநாள் அந்த அக்கா பார்க்க வந்தார். பெட்டியை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடி போட்டும் அவரால் படிக்க முடியவில்லை.

“நான் என்ன தம்பி பண்றது, குடிக்கிற அளவு தெரியாதா மனுசனுக்கு? நான் யாருக்கும் கெட்டது நெனைக்கல.”

“நீங்க நாலு பாக்கெட் ஒரு நாளைக்குக் குடிப்பீங்களாக்கா?”

“ஐயோ, எனக்கு பிரஷர் இருக்குலா!”

இதற்குமேல் அவரிடம் என்ன பேசுவது? மாதம் திரும்புவதற்குள் அதே புலிப் பெட்டி எதிர்வீட்டு மேசையில் இருந்தது. நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று எடுத்த காணொளி வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றியது. ‘தோட்டத்தில் அம்மன் இறங்கிய அதிசயம்’ என்று தலைப்பு. அவள் ஆஸ்பத்திரிக்குப் போன கதையை யாரும் கூடச் சேர்த்து அனுப்பவில்லை. மெர்கோங்கிலிருந்து ஒரு குடும்பம் காடி எடுத்துக்கொண்டு குறி கேட்க வீட்டுக்கே வந்துவிட்டது. என் மனைவி வாசலில் நின்று, “எனக்கு ஒன்னும் தெரியாதுமா, கோப்பி கூடிப்போச்சு” என்று சொன்னாள். ஆத்தா அடக்கமாகப் பேசுகிறாள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அம்மன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்த வருடமும் என் மனைவி பால்குடம் எடுத்தாள். காலையில் இரண்டு இட்லி, போகும் வழியில் இளநீர். கோப்பி இல்லை. குடத்தை அமைதியாக இறக்கிவைத்துக் கும்பிட்டாள். “இந்த வருசம் ஆத்தா வரலையே” என்று கூட்டத்தில் யாரோ குறைப்பட்டுக்கொண்டார்கள்.

அந்தக் காணொளி என் கைப்பேசியில் இருக்கிறது. நாலு நிமிடம் பதினொரு விநாடி. அழிக்கவில்லை. உருமிச் சத்தத்துக்கு அடியில் கூர்ந்து கேட்டால் அவள் குரல் வருகிறது: ஐம்பதாவது விநாடியில் ‘ஏங்க’, இரண்டாவது நிமிடத்தில் ‘ஏங்க’, மூன்றாவது நிமிடத்தில் இன்னொரு ‘ஏங்க’. மூன்று தடவையும் நான் அந்தப் படத்திலேயே, அவள் முன்னால், கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். எனக்குக் கேட்டது நான்காவது. இப்போது அவள் அடுப்படியிலிருந்து சும்மா கூப்பிட்டால்கூட, எழுதிக்கொண்டிருக்கும் வரியைப் பாதியில் விட்டுவிட்டு முதல் ‘ஏங்க’வுக்கே எழுந்து போய்விடுகிறேன்.